ஒன்பதாம் இலக்கச் சட்டை ஆற்றை சொத்து?

சுற்றுப்போட்டிக் காலம் வந்தால் எங்கட தீவுப் பக்கம் ஒவ்வொரு வருசமும் ஒரே கதைதான். அணிப் பட்டியல் எழுதுற கொப்பியைத் திறந்தவுடன முன்களத்துக்கு எழுதப்படுற முதல் பேர் முப்பத்தெட்டு வயது அண்ணை ஒருவருடையது. எழுதின மை காயுறதுக்கு முதலே "தம்பிமார் ரிசேர்வில இருக்கட்டும், பிறகு பாப்பம்" எண்டு ஒரு வசனமும் வந்து விழும். அந்தப் "பிறகு" எப்ப எண்டு கேட்டால் ஆரும் சொல்லமாட்டினம். கேக்கிறவனுக்கு "மூத்தவைக்கு மரியாதை தெரியாத பெடியன்" எண்டு பேர் வைச்சுப்போடுவினம். எங்கள் பலபேருக்கு அந்தப் பேர் ஏற்கனவே இருக்கிறதால, இன்னும் கொஞ்சம் கேட்டால் ஒண்டும் குறையப்போறதில்லை.

எங்கட நிலைப்பாட்டை முதலிலயே சொல்லிப்போடுறம். வயது போன முன்கள வீரர் முதல் பதினொருவரில் இறங்கக் கூடாது. அவர் வரவேண்டியது கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு. பத்தொன்பது வயதுப் பெடியன் முதல் விசிலில இருந்து ஓடவேணும். இதை "புதுசுக்கு இடம் குடுங்கோ" எண்ட இரக்கக் கோரிக்கையா நாங்கள் வைக்கேல்லை. ஆட்டத்தை வெல்லுறதுக்கான வழியே இதுதான் எண்டு சொல்லுறம். எதிர்த்துக் கதைக்கிறவை அந்த இடத்தில வைச்சுக் கதையுங்கோ.

இந்தச் சண்டை சுருவிலிலும் ஊர்காவற்றுறையிலும் மட்டும் நடக்கிறதெண்டு நினைக்காதேங்கோ. 2022–23 பருவத்தில பெங்களூரு எஃப்சி கழகத்தில நடந்ததைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும். எங்கட வாதத்தின்ர பெரும்பகுதி அதுக்குள்ளதான் இருக்கு.

அந்தக் கழகத்தின் முன்களத்தில் அப்போது சுனில் சேத்ரி இருந்தார். 1984 ஓகஸ்டில் பிறந்தவர். இந்தியாவுக்காக அதிக கோல் அடித்தவர், கழகம் தொடங்கின காலத்தில இருந்து அதன் முகம், அணித்தலைவர். அவருக்குப் பின்னால சிவசக்தி நாராயணன் எண்ட பெடியன். 2001 இல் பிறந்தவர், காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில வளர்ந்து வந்தவர். இரண்டு பேருக்கும் இடையில பதினேழு வயது வித்தியாசம். எங்கட ஊர்க் கொப்பியில இந்த ரெண்டு பேரும் இருந்திருந்தால் எந்தப் பேர் மேல எழுதப்பட்டிருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும்.

2022 செப்ரெம்பரில் பெங்களூரு டுராண்ட் கிண்ணத்தை வென்றது. கொல்கத்தாவில நடந்த இறுதியாட்டத்தில் மும்பை சிட்டியை 2–1 எண்டு வெல்ல, முதல் கோலை அடித்தது சிவசக்தி. (அண்டைக்குப் பரிசளிப்பில படம் எடுக்க மறைக்குதெண்டு மேற்கு வங்கத்தின் பொறுப்பு ஆளுநர் சேத்ரியைக் கையால ஒதுக்கினதும் நடந்தது. பிரதம விருந்தினர்மாருக்கு முன்னால மூத்தவரும் ஒண்டுதான், இளையவரும் ஒண்டுதான். இதை எங்கட ஊர்ப் பரிசளிப்பு மேடைகளில நிண்டு பாத்தவைக்கு விளங்கும்.) அதுக்குப் பிறகு லீக் தொடங்கினது. பெங்களூரு முதல் 12 ஆட்டத்தில 8 தோல்வி. அந்த இடத்திலதான் இங்கிலாந்துக்காரரான பயிற்றுநர் சைமன் கிரேசன், எங்கட நிர்வாகங்கள் கனவிலயும் செய்யாத வேலையைச் செய்தார். சேத்ரியைப் பல ஆட்டங்களில வாங்கில இருத்திவிட்டு, ரோய் கிருஷ்ணாவோட சிவசக்தியை முன்னுக்கு விட்டார். கடைசி 8 லீக் ஆட்டங்களிலும் வெற்றி. ஒரு சமநிலைகூட இல்லை.

இதில நாங்கள் கவனிக்கச் சொல்லுற பகுதி இனித்தான் வருது. லீக் முடிஞ்சு வெளியேற்றச் சுற்று. மார்ச் 3 ஆம் திகதி, பெங்களூரு கண்டீரவா மைதானம், எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். தொண்ணூறு நிமிடத்தில கோல் இல்லை. பிற்பாதியில மாற்று வீரராக வந்த சேத்ரி, மேலதிக நேரத்தில கிடைச்ச ப்ரீ கிக்கை எதிரணி சுவர் கட்டி முடிக்கிறதுக்கு முதலே அடித்தார். கோல் எண்டு அறிவிக்கப்பட்டவுடன கேரள அணி கோவிச்சுக்கொண்டு மைதானத்தை விட்டே போனது. அது சரியா பிழையா எண்டு இண்டைக்கும் சண்டை நடக்குது, நடக்கட்டும். நாலு நாள் கழிச்சு மும்பையில அரையிறுதியின் முதல் ஆட்டம். அதிலயும் வாங்கில இருந்து எழும்பி வந்து, 78 ஆவது நிமிடத்தில தலையால முட்டி ஒரே கோலை அடித்தவர் சேத்ரிதான். முப்பத்தெட்டு வயதில.

அந்த ரெண்டு கோலையும் திருப்பிப் பாருங்கோ. ரெண்டிலயும் வேகம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. ஒண்டு, மற்றவை இன்னும் நித்திரையில இருக்கேக்க தான் முழிச்சிருக்கிற புத்தி. மற்றது, களைச்சுப்போன பின்வரிசைக்காரன் ஒரு அடி பிந்துவான் எண்டு தெரிஞ்சு அந்த அடியில போய் நிக்கிற கலை. முதல் விசிலில இருந்து அறுபது நிமிடம் ஓடிக் காலெல்லாம் ஈயமாப் போன சேத்ரிக்கு அந்த முழிப்பு இருந்திருக்குமா? அந்தப் பின்வரிசைக்காரனைக் களைக்கவைச்சது ஆர்? அந்தப் பருவத்தின்ர வளர்ந்துவரும் வீரர் விருது சிவசக்திக்குக் கிடைச்சது. முழு நேரம் பின்வரிசையைத் துரத்தி ஓடினதுக்கான கூலியும் அதுக்குள்ள இருக்கெண்டுதான் நாங்கள் எடுத்துக்கொள்ளுறம்.

இதைத்தான் எங்கட நிர்வாகங்கள் தலைகீழாச் செய்யுது. பின்னேரம் மூண்டரைக்கு ஆட்டம் தொடங்குது. வெயில் இன்னும் இறங்கேல்லை, கடற்காத்து முகத்தில உப்பைத் தேய்க்குது, நிலம் பாதி மணல், மிச்சம் நெருஞ்சி. அந்த நேரத்தில எதிரணிப் பின்வரிசை புதுக்காலோட நிக்குது. அதுக்கு எதிரா அண்ணையை இறக்கினால் அவர் என்ன செய்வார்? முதல் பத்து நிமிடம் பழைய ஞாபகத்தில ஓடுவார். பிறகு இடுப்பில கை வைச்சுக்கொண்டு "பந்தைத் தா, பந்தைத் தா" எண்டு கத்துவார். எதிரணிப் பின்வரிசைக்காரர் அவரை ஒரு கண்ணால பாத்துக்கொண்டு ஆறுதலாப் பந்தை முன்னுக்குக் கொண்டுபோவினம். ஏனெண்டால் அவையளைத் துரத்த ஆளில்லை. முன்வரிசையில துரத்த ஆளில்லாட்டி, அந்த ஓட்டத்தை மத்தியகளப் பெடியள்தான் சேத்து ஓடவேணும். அறுபதாவது நிமிடத்தில அவங்களும் முடிஞ்சுது. அந்த நேரம் பாத்து, அண்ணை கையைத் தூக்கி மாற்று ஆளைக் கேப்பார். கோல் அடிக்கவேண்டிய நேரம், அனுபவம் வேண்டிய நேரம், பதறாத கால் வேண்டிய நேரம். அதுக்குள்ள போறது இந்தப் பருவத்தில ஒரு ஆட்டமும் ஆடாத பத்தொன்பது வயதுப் பெடியன்! அவன் பதறி வெளியில அடிச்சால், "பாத்தியளே, இவங்களை நம்பேலாது" எண்டு அடுத்த கிழமைக்குத் தீர்ப்பும் எழுதியாச்சு.

ஓட்டம் வேண்டிய நேரத்தில அனுபவத்தையும் அனுபவம் வேண்டிய நேரத்தில ஓட்டத்தையும் இறக்கிறது. இதுக்குப் பேர் தந்திரோபாயமாம்.

எங்கட மாமாமார் இண்டைக்கும் சொல்லுற ரோஜர் மில்லாவின்ர கதையைக் கேளுங்கோ. 1990 உலகக் கிண்ணம், கமரூன் அணி, வயது 38. ருமேனியாவுக்கு எதிரா ரெண்டு, கொலம்பியாவுக்கு எதிரா ரெண்டு, மொத்தம் நாலு கோல். கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில ஆடின ஆட்டத்தை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாலையும் அவர் மாற்று வீரரா வந்துதான் அடிச்சவர் எண்டதை எங்கட மாமாமார் சொல்லுறதில்லை. இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியிலயும் அவர் இடைவேளைக்குப் பிறகுதான் வந்தவர். வந்து தண்ட உதை ஒண்டை வாங்கிக் குடுத்தவர். அந்த ஜூனில எங்கட பக்கம் திரும்பவும் போர் தொடங்கினதால கன பேர் அந்த ஆட்டங்களைப் பாக்கவே இல்லை, கேள்விப்பட்டதுதான். பாதி கேள்விப்பட்ட கதையை வைச்சு "மில்லா முப்பத்தெட்டில ஆடேல்லையா" எண்டு அண்ணைக்கு ஒன்பதாம் இலக்கச் சட்டையை நீட்டுறது நியாயமில்லை. மில்லா ஆடினது எங்கட கட்சி.

இனி எதிர்க்கதைகளுக்கு வருவம். வாயை மூடவைக்கிற மாதிரி ரெண்டு மூண்டு இருக்கு. அதுகளை ஒளிச்சுப்போட்டுக் கதைக்கிறது எங்கட பழக்கமில்லை.

முதலாவது, ரொனால்டோ. 2022 டிசெம்பர் 6, சுவிற்சலாந்துக்கு எதிரான ஆட்டத்தில போர்த்துக்கல் பயிற்றுநர் பெர்னாண்டோ சந்தோஸ் 37 வயது ரொனால்டோவை வாங்கில இருத்திவிட்டு 21 வயது கொன்சாலோ ராமோஸை இறக்கினார். ராமோஸ் மூண்டு கோல், போர்த்துக்கல் 6–1. நாங்கள் எல்லாரும் அண்டைக்கு இரவு துள்ளினம். நாலு நாளில மொரோக்கோவுக்கு எதிரா அதே ராமோஸ் இறங்க, போர்த்துக்கல் 1–0 எண்டு தோத்து வீட்ட போனது. பிறகு வந்த பயிற்றுநர் 2024 ஐரோப்பியக் கிண்ணம் முழுக்க ரொனால்டோவை விட்டார், அவருக்கு ஒரு கோலும் இல்லை. 2025 ஜூனில, நாற்பது வயதில, நேஷன்ஸ் லீக் அரையிறுதியிலும் இறுதியிலும் அதே ரொனால்டோ கோல் அடிக்க, போர்த்துக்கல் கிண்ணம் தூக்கினது. அப்ப ஆர் சரி? ஒரு ஆட்டத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ராமோஸின்ர மூண்டு கோலை வைச்சு நாங்கள் வாதாடினால், அடுத்த தெருவில ஒருத்தர் நேஷன்ஸ் லீக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். அதாலதான் நாங்கள் ஆட்களை விட்டுப்போட்டு ஆட்டத்தின்ர நேரத்தைப் பற்றிக் கதைக்கிறம். எந்த அறுபது நிமிடத்துக்கு ஆர், எந்த இருபத்தைந்துக்கு ஆர்?

ரெண்டாவது எதிர்க்கதை இன்னும் உறைப்பானது. நாங்கள் தூக்கிப்பிடிக்கிற அதே சேத்ரி, 2024–25 பருவத்தில, நாற்பது வயதில, இந்திய சூப்பர் லீக்கில 14 கோல் அடித்தார். இந்திய வீரர்களில அவர்தான் முதல். அரையிறுதியில கோவாவுக்கு எதிரா மேலதிக நிமிடத்தில தலையால முட்டி அணியை இறுதிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். இதைக் காட்டி, "சிவசக்தி எங்க, சேத்ரி எங்க" எண்டு கேக்கிறவை இருக்கினம்.

கேள்வி சரி. மறுமொழியைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தேடவேணும். அந்த லீக்கில ஒரு அணிக்கு நாலு வெளிநாட்டு வீரர் ஒரே நேரத்தில ஆடலாம். எல்லாக் கழகமும் அதில ஒரு இடத்தை முன்களத்தின்ர நடுவுக்கு ஒதுக்குது. மிச்சம் இருக்கிற உள்ளூர் முன்கள இடம் சேத்ரி மாதிரி ஒரு பெரியவருக்கு. வளர்ந்து வாற பெடியன் ஓரத்துக்குத் தள்ளப்படுவான், இல்லாட்டி கடைசிப் பத்து நிமிடம். இப்பிடிப் பத்து, பதினைஞ்சு வருசம் போனால் நாட்டின்ர முன்களம் என்னவாகும்? அதுதான் ஆனது. சேத்ரி 2024 ஜூன் 6 ஆம் திகதி கொல்கத்தாவில குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோட, 151 ஆட்டம் 94 கோல் எண்ட கணக்கில, இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அந்த வருசம் முழுக்க இந்தியா ஒரு ஆட்டமும் வெல்லேல்லை. 2025 மார்ச்சில அவரையே திருப்பிக் கூப்பிட்டினம். மாலைதீவுக்கு எதிரா 3–0, அவருக்கும் ஒரு கோல், எல்லாருக்கும் சந்தோசம். ஆறு நாளில பங்களாதேசத்தோட 0–0. ஜூனில ஹொங்கொங்கிட்ட 1–0 தோல்வி. ஒக்ரோபரில கோவாவில சிங்கப்பூரிட்ட 2–1 தோல்வி. 2027 ஆசியக் கிண்ணத்துக்கு இந்தியா இல்லை.

இதில சேத்ரியில என்ன பிழை? ஒண்டும் இல்லை. கூப்பிட்டால் வாறவர் நல்ல மனிசன். பிழை, அவருக்குப் பிறகு ஆர் எண்ட கேள்வியை ஒவ்வொரு வருசமும் "பிறகு பாப்பம்" எண்டு தள்ளிவிட்டவையில. அவரின்ர 14 கோலை அவரின்ர பெருமையாப் பாக்கிறம். நாற்பது வயதுக்காரரை எட்ட ஒரு உள்ளூர்ப் பெடியனையும் வளர்க்காததை அந்த லீக்கின்ர வெட்கமாயும் பாக்கிறம். ரெண்டும் ஒரே எண்ணுக்குள்ளதான் இருக்கு.

மூண்டாவது கதை கிரிக்கெற்காரரிட்ட இருந்து வரும். "முரளிக்குப் பின்னால ஹேரத் காத்திருக்கேல்லையா?" காத்திருந்தவர். ரங்கன ஹேரத் 1999 இல டெஸ்ட் ஆடத் தொடங்கி, அடுத்த பத்து வருசம் வாறதும் போறதுமா இருந்தவர். 2009 ஜூலையில முரளிக்குக் காயம் எண்டு இங்கிலாந்தில கழக ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவரை அவசரமாக் கூப்பிட்டினம். பிறகு 2018 இல விடைபெறேக்க 433 விக்கெற். அழகான கதைதான். ஆனால் ஹேரத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில ஆட முதல்தரப் போட்டிகள் இருந்தது, இங்கிலாந்தில கழகம் இருந்தது, காத்திருக்கிறது எண்டாலும் பந்து கையில இருந்தது. சுருவில் பெடியனுக்கு என்ன இருக்கு? ஒரு வருசத்தில ரெண்டு மூண்டு சுற்றுப்போட்டி. அதில ரெண்டாவது சுற்றில வெளியேறினால் அந்த வருசம் சரி.

"ரெண்டு பேரையும் சேத்து இறக்கினால் என்ன? 2008 இல முரளியும் மெண்டிஸும் சேந்து போடேல்லையா?" எண்டும் கேப்பினம். இந்தியாவுக்கு எதிரான அந்த மூண்டு டெஸ்ட் தொடரில புதுசா வந்த அஜந்த மெண்டிஸ் 26, முரளி 21. உண்மைதான். ஆனால் பந்துவீச்சாளர் ஒரு ஓவர் போட்டுட்டு எல்லைக்கோட்டில போய் நிண்டு மூச்சு விடலாம். உதைபந்தாட்டத்தில முன்கள வீரர் மூச்சு விட நிண்டால் பத்துப் பேரோட ஆடுறதுதான். அணிக்கு ஏழு பேர் ஆட்டமெண்டால் கதைக்கவே தேவையில்லை.

அமெரிக்காவில கையில பந்தைக் காவிக்கொண்டு ஓடுற உதைபந்தாட்டத்தில இந்தக் கேள்வியை வேறமாதிரித் தீர்ப்பினம், ரொறன்ரோவில இருக்கிற மச்சான்மார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பந்தைக் காவி ஓடுற ரன்னிங் பேக் எண்ட ஆளுக்கு அங்க முப்பது வயது எண்டால் கிழவன். புதுசா வாற பெடியனுக்கு நாலு வருச ஒப்பந்தம், சம்பளம் முன்கூட்டியே குறைச்சு நிர்ணயிச்சது. ஓடவைச்சு, இடிவாங்கவைச்சு, முடியுற நேரம் அடுத்த பெடியன். அந்தக் கணக்கும் எப்பவும் சரிவாறதில்லை. 2024 இல நியூயோர்க் ஜயன்ற்ஸ் போகவிட்ட 27 வயது சாகுவான் பார்க்லி பிலடெல்பியாவுக்காக 2,005 யார் ஓடிக் கிண்ணமும் வென்றார். டெனசியை விட்டு வந்த 30 வயது டெரிக் ஹென்றி பால்ரிமோருக்காக 1,921 யார். நாங்கள் இதை ஏன் இழுக்கிறமெண்டால், இளையவனை இறக்கிற எல்லாரும் இளையவனில அன்பு வைச்சு இறக்கிறேல்லை. மலிவு எண்டும் இறக்குவினம். அந்தக் கட்சியில எங்களைச் சேக்காதேங்கோ.

சரி. எங்களைக் கொஞ்சம் தயங்கவைக்கிற கதை இதெல்லாம் இல்லை. அது கோல் கணக்குக்கு வெளியில இருக்கு.

இந்த அண்ணைமார் ஆர்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில தீவு வெறிச்சுப் போனது. சனம் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம், அங்கயிருந்து வன்னி, கொழும்பு, கடல் கடந்து பரிஸ், லண்டன், ரொறன்ரோ. வீடுகளுக்குள்ள ஆலும் அரசும் முளைச்சு கூரை இறங்கினது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்த குடும்பங்களில, சின்னப் பெடியளா இருந்து, பற்றை வெட்டி, நெருஞ்சி பிடுங்கி, பனங்குத்தியை நட்டுக் கோல் கம்பமாக்கினவை இந்த அண்ணைமார்தான். பதினொரு பேர் சேராமல் பக்கத்து ஊரில ஆள் கடன் வாங்கி ஆடினவை. ஊர்காவற்றுறையில பாதையில ஏறிக் காரைநகர் போய் ஆடிப்போட்டு, கடைசிப் பாதையை விட்டுட்டு இரவு அங்கயே படுத்து வந்த கதைகள் எங்களுக்கு மனப்பாடம். இவையள் இல்லாட்டி இண்டைக்கு நாங்கள் சண்டை பிடிக்க ஒரு சட்டையும் இல்லை, கொப்பியும் இல்லை. இந்தக் கடன் உண்மையான கடன். எங்கட ஆக்களில சிலர் இதைக் கிண்டல் அடிக்கிறது எங்களுக்குப் பிடிக்கிறேல்லை.

ஆனால் அந்தக் கடனை ஒன்பதாம் இலக்கச் சட்டையாலதான் தீர்க்கவேணும் எண்டு ஆர் சொன்னது? அண்ணைக்கு நாங்கள் கட்டவேண்டியதை, தம்பியின்ர பொக்கற்றில இருந்து எடுத்துக் குடுக்கிற கணக்குத்தானே இது. அதுவும் தம்பியைக் கேளாமல்.

தம்பியின்ர பொக்கற்றில இருக்கிறது நேரம் மட்டும்தான். எங்கட பக்கத்தில ஒரு பெடியனுக்கு உதைபந்தாட்ட வயது எண்டு சொன்னால், பள்ளிக்கூட அணி முடிஞ்சு ஏ எல் சோதினை எடுத்த நாளில இருந்து, முடிவு வந்து அவன் எங்கயோ போற நாள் வரைக்கும்தான். சிலருக்கு ஒரு வருசம், கூடினால் ரெண்டரை. அதுக்குள்ள கொழும்பில கடை வேலை, இல்லாட்டிக் கட்டார், இல்லாட்டிக் கம்பஸ், இல்லாட்டி மாமா ஏஜென்சிக்குக் காசு கட்டிப்போட்டார். தகப்பன்ர வள்ளத்தில ஏறினவனுக்குப் பின்னேரப் பிரக்டிஸும் இல்லை. இந்த ரெண்டு வருசத்தை ஒருத்தன் வாங்கில இருந்து கழிச்சால், அவன் "பிறகு" வரப்போறதில்லை. அவனுக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்லை. எங்களோட ஆடின ஒருத்தன், இடது கால்காரன், மூண்டு சுற்றுப்போட்டிக்குத் தண்ணிப் போத்தல் காவினவன். மொத்தமா அவன் ஆடினது அரை மணித்தியாலம் வராது. இப்ப வெளிநாட்டில ஒரு கழகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில ஆடுறான். அங்க எடுத்த வீடியோவை அனுப்புறான். நாங்கள் பாத்துப்போட்டுக் கட்டைவிரலைப் போடுறம். வேற என்னத்தைப் போட?

இதைவிட வெளியில சொல்லப்படாத காரணம் ஒண்டும் இருக்கு, சொல்லிவிடுறம். காசு. பந்து, சட்டை, வலை, நடுவர் கூலி, சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் வெளிநாட்டில இருக்கிற ஊராக்கள் அனுப்புற காசில ஓடுது. அவையளுக்கு எங்கட அணி எண்டால் அண்ணையின்ர முகம்தான். தாங்கள் ஊரை விட்டுப் போகேக்க ஆடிக்கொண்டிருந்தவர், அல்லது கடைசியா விடுமுறைக்கு வந்தபோது கோல் அடிச்சவர். பேஸ்புக்கில நேரலை போகேக்க "அண்ணை எங்க?" எண்டுதான் கேப்பினம். புதுப் பெடியன் ஆற்றை மகன் எண்டே அவையளுக்குத் தெரியாது. அதால நிர்வாகம் அண்ணையை முதல் நிமிடத்தில இருந்து படத்தில வைச்சிருக்குது. இதில அண்ணையும் ஒரு வகையில காட்சிப்பொருள்தான். முழங்காலுக்கு பண்டேஜ் கட்டி, வேதனைக் குளிசை போட்டு இறங்கிற மனிசனைப் பாத்து ஆராவது "உங்களுக்கு ஏலுமோ?" எண்டு கேட்டவையா? காசு அனுப்புற அண்ணாமாரே, அக்காமாரே, உங்கட மேல எங்களுக்குக் கோவமில்லை. அடுத்த முறை நேரலையில ஒரு பெடியனின்ர பேரைக் கேட்டு எழுதுங்கோ. நிர்வாகம் எங்கட கதையைக் கேளாது, உங்கட கதையைக் கேக்கும்.

அப்ப என்னதான் செய்யச் சொல்லுறியள் எண்டால், பெரிசா ஒண்டும் இல்லை. இந்தப் பருவத்தில முன்களத்தில ரெண்டு இடம் இருக்கு எண்டு வைச்சால், ஒரு இடம் இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவனுக்கு எண்டு பொதுக்கூட்டத்தில எழுதிவைக்கவேணும். அவன் முதல் ஆட்டத்தில கோட்டை விட்டாலும் ரெண்டாவது ஆட்டத்திலயும் அவன்தான் இறங்கவேணும். ஒரு ஆட்டத்தில தீர்ப்பு எழுதக்கூடாது, அண்ணைமாருக்கு நாங்கள் ஒரு ஆட்டத்தில தீர்ப்பு எழுதேல்லைத்தானே. அறுபத்தைந்தாவது நிமிடத்தில அண்ணை இறங்கவேணும், கட்டாயம். இறங்கிறது அவமானமில்லாமல், எதிரணி பயப்படுற மாதிரி இறங்கவேணும். அணித்தலைவர் பட்டியைப் பெடியன் ஒருத்தனிட்ட இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு வரட்டும். முதல் அறுபத்தைந்து நிமிடம் அவர் வாங்கில சும்மா இருக்கவும் கூடாது. எதிரணியின்ர வலது பின்வரிசைக்காரன் எந்தக் காலுக்குத் திரும்புறான், கோல் காப்பாளர் உயரப் பந்துக்கு வெளியில வாறானா எண்டு பாத்து, இடைவேளையில பெடியளுக்குச் சொல்லவேணும். இந்த அறிவு இப்ப ஆட்டத்துக்குள்ள மூச்சு வாங்கிக்கொண்டு வீணாப்போகுது. ஒரு நாளாவது ஒரு அண்ணை இருந்து எங்களுக்கு, எந்தக் கோணத்தில உடம்பைத் திருப்பி நிண்டால் பின்வரிசைக்காரன் விழுவான் எண்டு காட்டித் தந்தவரா? பிரக்டிஸில அவரும் எங்களோட சேந்து சட்டைக்குப் போட்டி போடேக்க அவர் எப்பிடிக் காட்டித்தருவார்?

இதை வாசிக்கிற அண்ணைமார் சிலருக்குக் கோவம் வரும். வரட்டும், ஞாயிறு பின்னேரம் மைதானத்துக்கு வாங்கோ, கதைப்பம். உங்களில ரெண்டு பேர் ஏற்கனவே எங்களிட்ட, "எனக்கும் ஏலாமத்தான் கிடக்கு, ஆனா ஆர் முதல் சொல்லுறது?" எண்டு கேட்டவை. பேர் சொல்லமாட்டம்.

தண்ட உதை ஆர் அடிக்கிறது எண்டதில மட்டும் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பாதிப் பேர் பெடியன்தான் பழகவேணும் எண்டினம். மிச்சப் பேர் 2023 இறுதியாட்டத்தைக் காட்டுகினம். மார்ச் 18, கோவா, எதிரணி மோகன் பகான். எட்டு வெற்றிக்குக் காலாயிருந்த சிவசக்தி, ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்துக்குள்ளயே காயப்பட்டு வெளியில போனார். அவருக்குப் பதிலா, திட்டமிட்டதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, சேத்ரி இறங்கினார். முதற்பாதி முடியுற நேரம் கிடைச்ச தண்ட உதையை அவர்தான் அடிச்சு 1–1 ஆக்கினவர். ஆட்டம் 2–2 எண்டு முடிஞ்சு, கடைசியில தண்ட உதைகளில பெங்களூரு 4–3 எண்டு தோத்தது. அந்த ஒரு விசயத்தில அண்ணை களத்தில நிண்டால் அண்ணையே அடிக்கட்டும் எண்டு, ஒரு வாக்கு வித்தியாசத்தில, முடிவெடுத்திருக்கிறம்.